கிரவுன் போட்ட பல்லு சொரசொரக்குதோ? மினுக்கி எடுக்கப் போற ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

போசலின் கிரவுன் (பல்லுக்கு மேல மாட்டி ஒட்டுற பீங்கான் மூடி) போட்டு, அது வாய்க்குள்ள சொரசொரத்துக்கொண்டு, நாக்கோரம் புண்ணாகி, சோறு கறி ஒழுங்கா சாப்பிட ஏலாமல் இருக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். நான் வன்னியில விசுவமடு. இடப்பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லு ஒண்டுக்கு நரம்பு எடுத்து, அதுக்கு மேல கிரவுன் போட்டனான். ஒட்டின அண்டைக்கு "டொக்டர், கொஞ்சம் உயரமா நிக்கிற மாதிரிக் கிடக்கு" எண்டு சொன்னன், அவரும் மெஷினால மேல அராவி விட்டார், கடி சரியா வந்திட்டுது, காசைக் கட்டிப்போட்டு பஸ் ஏறி வந்திட்டன். அராவின இடத்தைத் திருப்பி மினுக்கோணும், அது செய்யாமலே என்னை அனுப்பிப்போட்டினம் எண்டது எனக்கு விளங்க நாலு மாசம் போச்சுது. அந்த நாலு மாசத்தில ரெண்டு கிளினிக், ஆறு தரம் பஸ், நாக்கில ஒரு புண். கடைசியில வேலை முடிஞ்சது அரை மணித்தியாலத்தில.

அந்த அரை மணித்தியாலத்தை முதல் நாளே கேட்டு வாங்கத் தெரிஞ்சிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. உங்களுக்கும் அப்பிடி நடக்கக் கூடாது எண்டுதான் ஒவ்வொண்டா சொல்லுறன்.

1. முதல்ல, உண்மையா சொரசொரப்புத்தானோ எண்டு பாருங்கோ

கிரவுன் செய்யிற லாப்பில இருந்து வரேக்க அது கண்ணாடி மாதிரி மினுங்கும். கடைசியா சூளையில வச்சுச் சுடேக்க அதுக்கு மேல மெல்லிசா ஒரு கண்ணாடிப் படை வரும், கிளேஸ் எண்டு சொல்லுவினம். டொக்டர்ர மெஷின்ர நுனியில பூட்டி அராவுற டயமண்ட் பர் அதில பட்ட உடன அந்தப் படை போயிடும், கீழ இருக்கிற போசலின் வெளியில வரும். அது கையால தொட்டா பெரிசாத் தெரியாது, நாக்குக்கு மட்டும் நல்லாத் தெரியும்.

வீட்டில பாக்கிறதுக்கு ஒரு சின்ன வழி. கண்ணாடிக்கு முன்னால நிண்டு, அந்தப் பல்லை உமிழ்நீர் இல்லாமல் துடைச்சுப்போட்டு, கொஞ்சம் பஞ்சை எடுத்து மெதுவா அதுக்கு மேல இழுங்கோ. மினுக்கின இடமெண்டா பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். அராவின இடமெண்டா நூல் நூலாப் பிடிபட்டு நிக்கும். எனக்கு பல்லின்ர உள்பக்க மேட்டில, நாக்கு வந்து முட்டுற இடத்தில சரியா ஒரு மிளகளவு இடத்தில பஞ்சு பிடிச்சது. போன் டோர்ச்சை அடிச்சுப் பாத்தா மற்ற இடமெல்லாம் வெளிச்சம் மினுங்குது, அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கிக் கிடந்தது.

இதோட சேர்த்து வேற மூண்டு விசயத்தையும் பாருங்கோ, ஏனெண்டா மினுக்கினா இதுகள் மாறாது. கடிக்கேக்க வலிச்சா கடி இன்னும் உயரமா இருக்கலாம். முரசோரத்தில சாப்பாடு போய் அடைஞ்சு மணத்தா கிரவுன்ர விளிம்பு சரியா இருக்கேல்லைப் போல. கிரவுன் ஆடினாலோ, ஒரு மூலை உடைஞ்சு கூரா நிண்டாலோ அது வேற கதை. இப்பிடி இருந்தா "பொலிஷ் பண்ணிவிடுங்கோ" எண்டு மட்டும் கேட்டுப் போகாதேங்கோ, நடக்கிறதை நடக்கிறபடி சொல்லுங்கோ. நீங்கள் பொலிஷ் எண்டு கேட்டா சிலர் அதை மட்டும்தான் செய்து அனுப்புவினம்.

புண்ணைப் பற்றி ஒண்டு, இதை வடிவாக் கவனியுங்கோ. கிரவுன் உரசி நாக்கிலயோ கன்னத்திலயோ வந்த புண்ணு, உரசுறதை நிப்பாட்டினா ஒண்டு ரெண்டு கிழமையில ஆறோணும். மூண்டு கிழமையாகியும் ஆறாட்டி, வலி இல்லாட்டிலும், ஆஸ்பத்திரி பல்லுப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கோ. வெத்திலை, பாக்கு, புகையிலை பாவிக்கிற ஆக்கள் கட்டாயம் போகோணும். இலங்கையில ஆம்பிளையளுக்குக் கூடுதலா வாறது வாய்ப் புற்றுநோய்தான். "கிரவுன் உரசின புண்ணுதானே" எண்டு நினைச்சு மாசக்கணக்கா விடாதேங்கோ.

2. பேப்பர்களைச் சேருங்கோ, இதாலதான் நான் கனக்க அலைஞ்சனான்

ரெண்டாவது கிளினிக்குக்கு நான் வெறுங்கையோட போனன். டொக்டர் வாயைப் பாத்திட்டு கேட்ட முதல் கேள்வி, "இது என்ன மெட்டீரியல்?" எனக்கென்ன தெரியும், "வெள்ளைக் கிரவுன் டொக்டர்" எண்டன். அவர் சிரிக்கேல்லை, பொறுமையா விளங்கப்படுத்தினார். உலோகத்துக்கு மேல போசலின் பூசினது ஒரு வகை, முழுக்க கண்ணாடிச் செராமிக் ஒரு வகை, ஈமெக்ஸ் எண்டு பேர் கேள்விப்பட்டிருப்பியள், அடுத்தது சிர்கோனியா. மூண்டையும் மினுக்கிற ரப்பர் வேற வேற. சிர்கோனியா சரியான கடினம், சாதாரண போசலினுக்கு வச்சிருக்கிற ரப்பரால தேய்ச்சா ரப்பர்தான் தேயும், பல்லு அப்பிடியே கிடக்கும். "பழைய கிளினிக்கில லாப் சிலிப்பை வாங்கிக்கொண்டு வாங்கோ, பிறகு செய்வம்" எண்டார். அதுக்குப் போய் வந்ததே ரெண்டு நாள் மினக்கேடு, அங்க முதல் நாள் "தேடிப் பாக்கோணும், பிறகு வாங்கோ" எண்டு சொல்லி அனுப்பினவை.

ஆனபடியா கையில இருக்க வேண்டியது இவ்வளவும்.

லாப் சிலிப், இல்லாட்டி அதின்ர போட்டோ. அதில கிரவுன் என்ன மெட்டீரியல், நிறம் என்ன எண்டு இருக்கும், ஏ2, ஏ3 எண்டு ஒரு எழுத்தும் இலக்கமும் போட்டிருப்பினம். சிர்கோனியாவுக்கு சில இடத்தில வாரண்டி கார்ட் ஒண்டு குடுப்பினம், அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கோ, கேக்காட்டி கனபேருக்கு வாறேல்லை.

எக்ஸ்ரே. நரம்பு எடுத்த பல்லோ, உயிருள்ள பல்லோ எண்டது மினுக்கிறவருக்குத் தெரியோணும். ஏனெண்டு ஆறாவதில சொல்லுறன்.

காசு கட்டின ரிசீட், அதில திகதி, டொக்டர்ர பேர், சீல் இருக்கோணும். வெறும் துண்டில தொகையை மட்டும் எழுதித் தந்தா அண்டைக்கே சொல்லி ஒழுங்கான ரிசீட் வாங்குங்கோ. ஒட்டி கொஞ்ச நாளுக்குள்ள பிரச்சினை வந்தா இலவசமாச் செய்து தரச் சொல்லிக் கேக்கிறதுக்கு கையில இருக்கிற ஒரே பிடி அதுதான்.

நீங்கள் ஆஸ்பத்திரி கிளினிக் காட்டுற ஆளெண்டா அந்தக் கிளினிக் கொப்பி. சீனி வருத்தம், பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கிறதுக்குக் குளிசை போடுறது, இதெல்லாம் பல்லு டொக்டருக்குத் தெரியோணும், மினுக்கிறதுதானே எண்டு விடாதேங்கோ.

எல்லாத்தையும் போனில போட்டோ எடுத்து வீட்டு ஆள் ஒராளுக்கும் அனுப்பி வையுங்கோ. பேப்பர் மழைக்கு நனையும், போன் விழுந்து உடையும்.

3. எங்க போறது?

முதல்ல கிரவுன் போட்ட இடத்துக்கே போங்கோ. கோபத்தில வேற இடத்துக்கு ஓடினதால நான் காசும் நாளும் கூடச் செலவழிச்சன். போட்ட ஆக்களிட்ட "மேல அராவின இடம் மினுக்கேல்லை, நாக்கில உரசுது, அதை மினுக்கித் தாங்கோ" எண்டு நேரடியாச் சொல்லுங்கோ. சும்மா "ஒரு மாதிரி இருக்கு" எண்டு சொன்னா "பழகிடும்" எண்டு பதில் வரும். எனக்கு அப்பிடித்தான் வந்தது. சொரசொரப்பு பழகிறேல்லை. நாக்கு அதுக்குப் பழகினாலும், எதிர்ப்பக்கம் மேல இருக்கிற உங்கட சொந்தப் பல்லு ஒவ்வொரு கடிக்கும் தேஞ்சுகொண்டுதான் இருக்கும். போசலின், பல்லின்ர மேற்படையான எனாமலை விடக் கடினம், மினுக்காத போசலின் அரம் மாதிரி.

அவை செய்ய மாட்டம் எண்டாலோ, அவையிட்ட ரப்பர் செட் இல்லை எண்டாலோதான் வேற இடம். வன்னிக்குள்ள எண்டா கிளிநொச்சி, வவுனியா ரவுண் பக்கம், எங்கட பக்கத்து ஆக்கள் கனபேர் பரந்தன் வந்து யாழ்ப்பாணம் போறவை. போறதுக்கு முன்னம் கோல் எடுத்து ரெண்டு கேள்வி கேளுங்கோ: "போசலின் மினுக்கிற டயமண்ட் ரப்பர் இருக்கோ?", "சிர்கோனியாவுக்கு வேறயா இருக்கோ?" போன் எடுக்கிற பிள்ளைக்குத் தெரியாட்டி "டொக்டரிட்ட கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டு பிறகு திருப்பி எடுங்கோ. இந்த ஒரு கோல் உங்களுக்கு ஒரு நாளை மிச்சம் பிடிச்சுத் தரும்.

அரச ஆஸ்பத்திரியில வைத்தியத்துக்குக் காசில்லை, ஆனா எல்லா ஆஸ்பத்திரிப் பல்லுப் பிரிவிலயும் கிரவுன் வேலை நடக்கும் எண்டு நம்பிப் போகாதேங்கோ, கேட்டுப்போட்டுப் போங்கோ. புண்ணைக் காட்டுறது, கூரா நிக்கிற மூலையை அவசரத்துக்கு மழுப்புறது, அதுக்கெல்லாம் போகலாம். காலமை வெள்ளன போய் நம்பர் எடுக்கோணும்.

பல்லு டொக்டர்மார் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சிருக்கோணும், பதிவு இலக்கம் இருக்கும், கேக்கிறதில பிழையில்லை. பல்லுக் கட்டிக் குடுக்கிறன் எண்டு பதிவில்லாமல் இருக்கிற ஆக்களிட்ட தயவு செய்து போகாதேங்கோ. ஒருக்கா கூட அராவி எடுத்தா போசலினைத் திருப்பி ஒட்டேலாது.

4. காசு

முதல்ல கேக்க வேண்டியது, "இது புது வேலையோ, முந்தின வேலையின்ர மிச்சமோ?" போட்ட இடத்திலயே, போட்டுக் கொஞ்ச நாளுக்குள்ள எண்டா காசு கேக்கக் கூடாது எண்டது என்ர எண்ணம், கடியைச் சரி பாத்து மினுக்கிறது கிரவுன் வேலையின்ர ஒரு பகுதிதான். வேற இடத்தில எண்டா பாக்கிற காசு, மினுக்கிற காசு, எக்ஸ்ரே எடுத்தா அதுக்கு வேற. என்னட்ட மினுக்கினதுக்கு 3,500 ரூபா வாங்கினவை. உங்கட இடத்தில கூடவோ குறையவோ இருக்கும், முன்னுக்கே முழுத் தொகையும் எவ்வளவு எண்டு கேளுங்கோ. ஆனா என்ர கணக்கில பெரிய செலவு அது இல்லை. ஆறு தரம் போய் வந்த பஸ் காசு, கடையில சாப்பிட்டது, எல்லாத்துக்கும் மேல வேலைக்குப் போகாமல் விட்ட நாளின்ர சம்பளம், அதெல்லாம் கூட்டினா மினுக்கின காசை விட மூண்டு மடங்குக்கு மேல வந்தது.

"கிரவுனை வெட்டி எடுத்துப்போட்டு புதுசு போடுவம்" எண்டு யாரும் சொன்னா உடன ஓம் எண்டாதேங்கோ. வெட்டுற காசு, திருப்பி அளவெடுக்கிறது, புது லாப் காசு எண்டு எல்லாம் முதல்ல இருந்து வரும். சொரசொரப்பு மட்டும்தான் பிரச்சினை எண்டா, ஏன் மினுக்க ஏலாது எண்டு கேளுங்கோ. சரியான காரணம் இருந்தா சொல்லுவினம்: கிரவுன் மெல்லிசாப் போச்சு, வெடிப்பு இருக்கு, விளிம்பு திறந்திருக்கு. அப்பிடியெண்டா புதுசு போடுறதுதான் நல்லம், அதுக்கு மினுக்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

5. நாளும் நேரமும்

மினுக்கிற வேலைக்கு 20 நிமிசத்தில இருந்து 40 நிமிசம். ஆனா எங்கட பக்கம் கன தனியார் கிளினிக் பின்னேரம்தான் திறக்கிறது, டொக்டர் பகல் ஆஸ்பத்திரி வேலை முடிச்சுத்தான் வருவார். நீங்கள் ஏழு மணிக்கு கதிரையில ஏறினா திரும்பி வாற பஸ் இருக்காது. பஸ்ஸை நினைச்சுக்கொண்டு கதிரையில இருந்தா, டொக்டர் "ஓகேயோ?" எண்டு கேக்கேக்க சரியில்லாட்டிலும் "ஓம் ஓம்" எண்டு எழும்பி வந்திடுவியள், நான் முதல் தரம் அப்பிடித்தான் வந்தனான். சனி ஞாயிறு காலமை பாக்கிற இடம் இருந்தா அதை எடுங்கோ, போயா (பௌர்ணமி லீவு) நாளெண்டா திறக்கிறதோ எண்டு கேளுங்கோ. முதல் நம்பர் கேளுங்கோ, கடைசி நம்பருக்கு எல்லாரும் களைச்சுப் போயிருப்பினம்.

விறைக்கிற ஊசி போட்ட நாளில கடியைப் பாத்து முடிவெடுக்க விடாதேங்கோ. வாய் விறைச்சிருக்கேக்க எங்க முட்டுது எண்டு உங்களுக்கே தெரியாது, பிழையா கடிப்பியள், அதை வச்சு அராவினா பிறகு விறைப்பு எடுபட்டதும் வேற கதை. மினுக்கிறதுக்குப் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. மற்றது, கிரவுன் ஒட்டி ஒரு நாளுக்குள்ள அந்தப் பக்கம் கடினமான சாப்பாடு வேண்டாம், சீமெந்து நல்லா இறுகட்டும்.

6. கதிரையில என்ன நடக்கோணும்?

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். என்னட்ட செய்த டொக்டர் கையில முகக்கண்ணாடி ஒண்டைத் தந்து, ஒவ்வொரு கட்டமும் காட்டிக் காட்டிச் செய்தவர்.

முதல்ல கடி. பல்லைப் பஞ்சால காய வச்சுப்போட்டு, நீல நிறக் கடதாசி ஒண்டை, கார்பன் பேப்பர் மாதிரி, பல்லுக்கு நடுவில வச்சுக் கடிக்கச் சொன்னவர். ஈரமா இருந்தா போசலினில அந்த நீலம் ஒட்டாது, அதால காய வைக்காமல் கடிக்கச் சொன்னா அந்த அடையாளத்தை நம்பேலாது. பிறகு கதிரையை நிமித்தி, இருந்தபடி ஒருக்கா கடிக்கச் சொன்னவர், படுத்திருக்கேக்க நாடி பின்னுக்குப் போய் கடி மாறும் எண்டு சொன்னவர். நேரா கடிக்கிறது மட்டுமில்லை, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அரைச்சும் காட்டோணும், சோறு அரைக்கிற மாதிரி. கடியைச் சரி பண்ணாமல் மினுக்கினா பிறகு திருப்பி அராவ வேண்டி வரும், மினுக்கினது எல்லாம் வீண். கடி முதல், மினுக்கிறது பிறகு.

அடுத்தது நைசான டயமண்ட் பர். அந்தப் பர்களின்ர கழுத்தில நிறவளையம் ஒண்டு இருக்கும். பச்சை கரடு, நீலம் நடுத்தரம். சிவப்பு நைசு, மஞ்சள் அதை விட நைசு. அராவினது கரடுப் பர்ரால எண்டா முதல்ல சிவப்பு, பிறகு மஞ்சள் எண்டு இறங்கி வரோணும், தண்ணி அடிச்சுக்கொண்டு. காயவச்சு அராவினா சூடேறி போசலினில கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரலாம், சிர்கோனியாவில நெருப்புப் பொறியே பறக்கும். தண்ணி வராமல் மெஷின் போட்டா கையைத் தூக்கிக் காட்டி நிப்பாட்டுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

அதுக்குப் பிறகு ரப்பர். பாக்கிறதுக்கு அழிறப்பர் துண்டை கூரா வெட்டின மாதிரி இருக்கும், உள்ளுக்க டயமண்ட் தூள் கலந்தது. ரெண்டு அல்லது மூண்டு ரப்பர் இருக்கும், கரடில இருந்து நைசுக்கு, நிறம் ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொண்டு. ஒண்டையும் விடாமல் வரிசையாப் போகோணும். இடையில ஒண்டை விட்டா முந்தினது போட்ட கீறல் அப்பிடியே அடியில கிடக்கும், மேல மினுங்கும், ரெண்டு மாசத்தில அந்தக் கீறலுக்குள்ள காவி பிடிக்கும். ஒவ்வொரு ரப்பருக்கும் பிறகு தண்ணியால கழுவோணும், இல்லாட்டி கரடுத் தூள் நைசு ரப்பருக்குள்ள போய் அதுவே கீறும். வீட்டில சீமெந்து நிலம் மினுக்கின மேசனைப் பாத்திருந்தா இது உங்களுக்கு டக்கெண்டு விளங்கும், கரடுக் கல்லு முடிக்காமல் மெழுகு போட்டா நிலம் என்ன கோலத்தில இருக்கும்.

ரப்பர் மெதுவாச் சுத்தோணும், லேசா முட்டோணும், ஒரு இடத்தில நிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கோணும். அழுத்திப் பிடிச்சா சூடு. பல்லுக்குள்ள சூடு 5.5 பாகை செல்சியஸ் கூடினாலே உள்ள இருக்கிற நரம்புக்குக் கேடு வரலாம் எண்டு பல்லு டொக்டர்மார் படிக்கிறவை. உயிருள்ள பல்லெண்டா சுட்டா நீங்கள் துடிச்சுப் போவியள், டொக்டருக்கு உடன தெரியும். நரம்பு எடுத்த பல்லில சூடேறி போசலின் வெடிக்கப் பாத்தாலும் உங்களுக்கு ஒண்டும் தெரியாது, அதால டொக்டர்தான் கவனமா இருக்கோணும். அதுக்குத்தான் எக்ஸ்ரேயைக் கொண்டு போகச் சொன்னனான்.

கடைசியா டயமண்ட் பேஸ்ட், சின்னப் பிரஷ்சிலயோ பஞ்சுச் சில்லிலயோ. இதில நிக்கேக்கதான் மாற்றம் கண்ணுக்குத் தெரிஞ்சது. மங்கலாக் கிடந்த அந்த மிளகளவு இடத்தில முதல்ல ஒரு மெல்லிய பளபளப்பு, பிறகு மேல எரிஞ்ச டியூப் லைற்றின்ர வெள்ளைக் கோடு உடையாமல், வளைஞ்சு நெளியாமல் அப்பிடியே பல்லில விழுந்தது. "இந்தக் கோடு நேரா வந்தாத்தான் நான் உங்களை எழும்ப விடுவன்" எண்டார் டொக்டர். நாலு மாசமா அந்த இடத்தைத் தேடித் தேடிப் போன என்ர நாக்கு, அண்டைக்குப் போய்த் தடவிப்போட்டு எங்க எண்டு தெரியாமல் திரும்பி வந்தது.

எவ்வளவு நைசா வரோணும் எண்டா, சொரசொரப்பின்ர சராசரி அளவு 0.2 மைக்ரோனுக்கு மேல போனா பல்லில கிருமிப்படை கூட ஒட்டத் தொடங்கும் எண்டு கணக்கு வச்சிருக்கினம். எங்கட தலைமயிர் ஒண்டே 50 மைக்ரோனுக்கு மேல தடிப்பு. இந்த அளவு அவசரமாத் தேய்ச்சு வராது.

7. எழும்ப முதல்

நாக்கால நாலு பக்கமும் தடவுங்கோ, அவசரப்படாமல். வாயைக் கொப்பிளிச்சுப்போட்டு திருப்பித் தடவுங்கோ, பேஸ்ட் இருக்கேக்க எல்லாம் வழுக்கத்தான் செய்யும். பக்கத்துப் பல்லுக்கும் கிரவுனுக்கும் நடுவில நூல் விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, அது பிய்ஞ்சு நார் நாரா வந்தா அந்தப் பக்கமும் சொரசொரப்பு இருக்கு, இல்லாட்டி சீமெந்து மிச்சம் நிக்குது. பிறகு முரசோரம். அங்க சீமெந்துத் துணிக்கை நிண்டா முரசு வீங்கி ரத்தம் வரும், கனபேர் அதைக் கிரவுன்ர பிழை எண்டு நினைக்கிறவை.

"பிறகு வாறன்" எண்டு எழும்பாதேங்கோ. விசுவமடுவில இருந்தும் துணுக்காயில இருந்தும் "பிறகு" எண்டது இன்னொரு முழு நாள்.

8. இன்னும் ஒட்டாத ஆக்களுக்கு

நீங்கள் குடுத்து வச்ச ஆக்கள். லாப்பில இருந்து கிரவுன் வந்து, ஒட்டுறதுக்கு முன்னம் போட்டுப் பாக்கிற நாள்தான் உங்கட நல்ல நாள். அண்டைக்கு உயரம் கூடவா இருந்தா அராவிப்போட்டு, வெளியில வச்சே வடிவா மினுக்கலாம், இல்லாட்டி லாப்புக்கு அனுப்பி திருப்பி கிளேஸ் போட்டு எடுக்கலாம். ஒட்டின பிறகு சூளைக்குள்ள வைக்க ஏலாது. லாப் யாழ்ப்பாணத்திலயோ கொழும்பிலயோ இருந்தா திருப்பி வர ஒரு கிழமை, ரெண்டு கிழமை எடுக்கும், தற்காலிகக் கிரவுனோட சமாளியுங்கோ, அந்தக் கிழமை வீண்போகாது. கண்ணாடிச் செராமிக் மெல்லிசா இருந்தா ஒட்ட முதல் பலமாக் கடிக்க விட மாட்டினம், உடையும். அது ஒட்டின பிறகுதான் கடி பாப்பினம், அப்ப அண்டைக்கே மினுக்கியும் தருவியளோ எண்டு முன்னுக்கே கேளுங்கோ.

சிர்கோனியாவெண்டா ஒரு விசயம், அதைக் கிளேஸ் போட்டு விடுறதை விட வடிவா மினுக்கி விடுறது எதிர்ப் பல்லுக்கு நல்லம். மேல போட்ட கிளேஸ் நாளாக நாளாகத் தேஞ்சு போக, கீழ மினுக்காத சிர்கோனியா கிடந்தா அதுதான் எதிர்ப் பல்லைத் தின்னும். "கடிக்கிற பக்கம் மினுக்கித் தரச் சொல்லி லாப்புக்கு எழுதுங்கோ டொக்டர்" எண்டு கேக்கலாம்.

முன்பல்லுக்கு கிரவுன் போடுற எங்கட பக்கத்து ஆக்கள் இதையும் கேளுங்கோ. வன்னியில சில கிணத்துத் தண்ணியில புளோரைட் கூட, சின்ன வயசில அந்தத் தண்ணி குடிச்ச ஆக்களின்ர பல்லில மண்ணிறப் படையும் வெள்ளைத் திட்டும் இருக்கும். பக்கத்துப் பல்லோட ஒத்துப் போகட்டும் எண்டு லாப்பில கிரவுனுக்கும் அந்த நிறத்தை மேலால தீட்டிச் சுடுவினம். அந்தத் தீட்டின நிறம் மேற்பரப்பிலதான் நிக்குது. அதை அராவினாலும் மினுக்கினாலும் நிறமும் சேர்ந்து போயிடும், அந்த ஒரு பல்லு மட்டும் வெள்ளை வெளேர் எண்டு தனியா நிக்கும். அதால முன்பல்லின்ர வடிவம், நீளம், எல்லாத்தையும் ஒட்ட முதலே சொல்லி முடியுங்கோ, ஒட்டின பிறகு முகப்புப் பக்கம் பர் வைக்க விடாதேங்கோ.

உலோகத்துக்கு மேல போசலின் பூசின கிரவுனெண்டா, அராவேக்க மங்கலான சுண்ணாம்பு வெள்ளை தெரியத் தொடங்கினா அங்கயே நிப்பாட்டோணும். அதுக்கு அடுத்தது உலோகம்தான், கறுப்பாத் தெரியும். அந்த நேரம் சில டொக்டர்மார் எதிர்ப் பக்கத்துப் பல்லைக் கொஞ்சம் தேய்க்கட்டோ எண்டு கேப்பினம், அது உங்கட சொந்தப் பல்லு, ஏன் எதுக்கு எவ்வளவு எண்டு கேட்டு விளங்கிப்போட்டு ஓம் எண்டுங்கோ.

9. வீட்டுக்கு வந்த பிறகு

தயவு செய்து வீட்டில ஒண்டும் செய்யாதேங்கோ. நகம் தேய்க்கிற அரம், உப்புத்தாள் இதுகளால பல்லைத் தேய்ச்ச ஆக்களை எனக்குத் தெரியும், போசலினில கீறல் கூடினதுதான் மிச்சம், பக்கத்து எனாமலும் போச்சுது. உமிக்கரி, செங்கட்டித் தூள், சாம்பல், கடையில விக்கிற கரிப் பற்பசை, பல்லு வெள்ளையாக்கிற கரடுப் பற்பசை, எல்லாத்தையும் விடுங்கோ. மென்மையான பிரஷ்சும் சாதாரண புளோரைட் பற்பசையும் காணும்.

எங்கட குழாய்க் கிணத்துத் தண்ணி சவர், கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள். சொரசொரப்பான பல்லில காவியும் கல்லும் பிடிக்கிறது கெதி. வெத்திலை போடுறதை விட ஏலாதெண்டா போட்டு முடிய உடன வாயைக் கொப்பிளியுங்கோ, ஆனா அம்மா, அப்பா, அம்மம்மா ஆருக்கெண்டாலும் விடச் சொல்லிக் கேளுங்கோ, நான் என்ர அம்மாட்ட இப்பவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

அடுத்த தரம் பல்லுச் சுத்தம் பண்ணப் போகேக்க, கதிரையில ஏறின உடன "எனக்கு இந்தப் பக்கம் போசலின் கிரவுன் இருக்கு" எண்டு சொல்லுங்கோ. சுத்தம் பண்ணுற மெஷின்ர நுனி போசலினில ஓடினா கீறும். அதோட பல்லுக்குப் பூசுற புளோரைட் ஜெல்லில அமிலம் சேர்ந்த வகை ஒண்டு இருக்கு, அது போசலின்ர மினுக்கத்தை அரிச்சு மங்க வைக்கும். அமிலம் இல்லாத புளோரைட் பூசச் சொல்லிக் கேளுங்கோ, அதுவும் கிளினிக்குகளில கிடைக்கும்.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதே பஞ்சை எடுத்து கிரவுனில இழுத்துப் பாருங்கோ, கிரவுனுக்கு நேரே மேல இருக்கிற சொந்தப் பல்லையும் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. அதில தட்டையா, கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்குற ஒரு இடம் புதுசா வந்திருந்தாலோ, குளிர் தண்ணிக்குக் கூசினாலோ, கிரவுன் அதைத் தேய்க்குது. போட்டோ எடுத்து திகதி போட்டு வச்சுக்கொண்டு, லாப் சிலிப்பையும் எடுத்துக்கொண்டு, முதல் நம்பருக்குப் போங்கோ.